இரண்டு வருடமாகப் பார்த்துவந்த தொடரின் கதை கெட்டுப்போனால் அதைப் பாதியில் விட்டுவிடுவது சரியா? உங்களுக்கு அப்படி நடந்திருக்கிறதா?

தாராளமாக விட்டுவிடலாம். எந்தத் தொடர் என்று நீங்கள் சொல்லவில்லை. ஆனாலும் தினமும் ஒளிபரப்பாகும் தமிழ்த் தொடர் ஒன்றைத்தான் மனதில் வைத்துக் கேட்கிறீர்கள் என்றும், "இவ்வளவு காலம் பார்த்துவிட்டு இனி ஏன் விட வேண்டும்" என்று வீட்டில் யாரோ உங்களைத் தடுக்கிறார்கள் என்றும் ஊகிக்கிறேன். எங்கள் வீட்டில் அப்படித் தடுத்தவள் நான். பாதியில் விட்டவர் என் அம்மா.

அந்தத் தொடர் 'எதிர்நீச்சல்'. மதுரையில் நான்கு சகோதரர்கள் ஒன்றாக வாழும் பெரிய வீடு, அதை ஆட்டிப்படைக்கும் மூத்தவர் ஆதி குணசேகரன், வாய் திறக்க முடியாத மருமகள்கள், அவர்களில் கடைசியாக வந்து சேரும் படித்த பெண் ஜனனி என்று 2022 பெப்ரவரியில் அது தொடங்கியது. "சீரியலில் கதையை எதிர்பார்த்தது உங்கள் பிழை" என்று கீழே எழுத நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். என் அம்மா கையில் கிடைப்பதையெல்லாம் பார்ப்பவர் அல்லர். இலங்கை வானொலியில் சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாகம்' போன ஒவ்வொரு கிழமையும் வேலையை முடித்துவிட்டு வானொலிக்கு முன்னால் உட்கார்ந்த தலைமுறை அவர். ஒரு பாத்திரம் எப்படிப் பேசும், எப்படிப் பேசாது என்பது அவருக்குக் காதாலேயே தெரியும்.

பொருளாதார நெருக்கடி வந்த அந்த வருடம் கொழும்பில் இருந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மார்ச் இறுதியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் தொடர்மாடியில் மின்தூக்கி நின்றுவிடும்; மூன்று மாடி ஏறி வந்தால் அம்மா சாப்பாட்டு மேசையில் மெழுகுதிரியை ஏற்றி வைத்துக்கொண்டு என் கைபேசிக்காகக் காத்திருப்பார். அலுவலகத்தில் மின்னேற்றிக்கொண்டு வந்த அந்தக் கைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்து, அன்றைய அத்தியாயத்தை இருவரும் பார்ப்போம்.

திருமணத்துக்குப் பின் வேலைக்குப் போகலாம் என்று நம்பி வந்த ஜனனி, அந்த வீட்டில் அது நடக்காது என்று அறிந்துகொள்ளும் கட்டத்தை ஓர் இரவு பார்த்துக்கொண்டிருந்தோம். அத்தியாயம் முடிந்ததும் அம்மா கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "நான் ரெண்டு வருசமும் நாலு மாசமும் வேலை செய்தனான்" என்றார். அவர் யாழ்ப்பாணத்தில் ஒரு திணைக்களத்தில் லிகிதராக இருந்தார் என்பது எனக்குத் தெரியும். கலியாணத்தோடு தானாகவே விட்டுவிட்டார் என்றுதான் சிறு வயதிலிருந்து கேட்டு வந்திருக்கிறேன். அன்றுதான் உண்மையைச் சொன்னார். "விலகல் கடிதத்தை நான்தான் எழுதினனான் பிள்ளை. பெரியப்பா பேனை தந்தவர். அப்பா முற்றத்திலை நிண்டவர், உள்ளுக்கு வரேல்லை." 1981இல் நடந்ததை 41 வருடங்களாகச் சொல்லாமல் இருந்த ஒருவரைப் பேசவைத்த தொடரை நான் எப்படி இளக்காரமாக நினைப்பேன்?

அதனால்தான் அது சரிந்தபோது எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. அப்பத்தாவின் பெயரில் இருந்த 40 வீதச் சொத்துப் பங்கை வைத்து மாதக்கணக்கில் கதையை இழுத்தார்கள்; அதையாவது பொறுத்துக்கொண்டோம். ஆனால் வீட்டின் ஒரே தங்கை ஆதிரையை, அவள் விரும்பாத கரிகாலனுக்குக் கட்டிவைக்கும் திருமணத்தை நாள் நாளாக நீட்டி, நான்கு மருமகள்களும் ஒவ்வொரு மாலையும் தடுக்கக் கிளம்புவதும் மறுநாள் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதுமாகக் காட்டினார்களே, அங்கேதான் அம்மா தொடரைக் கைவிட்டார். அப்போது மின்சாரம் சீராகியிருந்தது. பெரிய திரையில்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். "நிப்பாட்டு பிள்ளை," என்றார். இவ்வளவு பார்த்துவிட்டு முடிவைப் பார்க்காமல் விடுவதா என்று நான் கேட்டேன். "நேற்றுத் துணிஞ்சவள் இண்டைக்கு ஏன் திரும்பப் பயப்பிட வேணும்? இடையிலை என்ன நடந்தது?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இடையில் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த கிழமைக்கும் அத்தியாயங்கள் தேவைப்பட்டன, அவ்வளவுதான்.

குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டெம்பர் 8ஆம் திகதி மாரடைப்பால் காலமானதே தொடர் கெட்டதற்குக் காரணம் என்று பலர் எழுதுகிறார்கள். அவருடைய இழப்பு பெரியது. பத்து வரி வசனத்தை ஒரு பார்வையிலேயே சொல்லிவிடுவார். ஆனால் நான் மேலே சொன்ன திருமணம் அவர் உயிரோடு இருந்த காலத்தில் ஒளிபரப்பானது. அவருக்குப் பின் அந்தப் பாத்திரத்தை ஏற்ற வேல ராமமூர்த்தியின் மீது பழியைப் போடுவது அநியாயம். நோய் எழுத்து மேசையில் தொடங்கியிருந்தது. இயக்குநர் திருச்செல்வம் 'கோலங்கள்' தொடரை 2003 முதல் 2009 வரை 1500 அத்தியாயங்களுக்கு மேல் நடத்தியவர். திறமை இல்லை என்று சொல்ல மாட்டேன். கிழமைதோறும் வரும் பார்வையாளர் புள்ளிக் கணக்கைப் பார்த்து, ஏறிய காட்சியை இன்னும் நான்கு நாள் நீட்டு என்று கதையைத் திருப்பும் முறையில் எவர் எழுதினாலும் பாத்திரங்களுக்கு நினைவாற்றல் போய்விடும் என்றுதான் சொல்கிறேன்.

தமிழ்த் தொடர்களை மட்டும் குறை சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். 2019இல் ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிந்திய ஊரடங்கு நாட்களில் நானும் தம்பியும் 'கேம் ஒஃப் த்ரோன்ஸ்' என்ற ஆங்கிலத் தொடரின் இறுதிப் பருவத்தைப் பார்த்தோம். முதல் ஆறு பருவங்களுக்கும் தலா 10 அத்தியாயங்கள் கொடுத்தவர்கள் ஏழாவதற்கு 7, எட்டாவதற்கு 6 என்று சுருக்கினார்கள். நகரம் சரணடைந்து மணிகள் ஒலித்த பின்னரும், அரியணைக்காகப் போரிடும் டெனேரிஸ் அதை எரிப்பது நடக்கக்கூடாத ஒன்று அல்ல; அந்த மனம் அங்கே போய்ச் சேரும் வழியைக் காட்டப் பல அத்தியாயங்கள் வேண்டும், அவற்றை அவர்கள் எங்களுக்குத் தரவில்லை. ஒன்றில் இழுத்தார்கள், மற்றதில் அறுத்தார்கள். இரண்டிலும் பாத்திரம் தன் மனம் சொன்னபடி நடக்காமல் நாட்காட்டி சொன்னபடி நடந்தது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. தமிழகத் திரைப்படங்களில் இலங்கைத் தமிழர் ஒருவர் வந்தால், அவர் மட்டக்களப்பாக இருந்தாலும், மலையகமாக இருந்தாலும், கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவராக இருந்தாலும், ஒரே போலி யாழ்ப்பாணப் பேச்சைப் பேசவைக்கிறார்கள். இரண்டு இடத்தில் "கதைக்கிறது" என்று போட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். அட்டனில் தேயிலைத் தோட்ட லயத்தில் வளர்ந்தவர் பேசுவதை ஒரு மணித்தியாலம் உட்கார்ந்து கேட்டிருந்தால் அந்தப் பிழை வந்திராது. எனக்கு இதுவும் அதே அலட்சியமாகவே படுகிறது. அந்த ஆள் யார் என்று கேட்காமலேயே அவருக்கு வசனம் எழுதிவிடுகிறார்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். நான் 'எதிர்நீச்சலை' 2024 ஜூனில் முடியும்வரை தனியாகப் பார்த்தேன், கடைசி அத்தியாயத்துக்குப் பிறகு எனக்குக் கிடைத்தது எதுவும் இல்லை. அம்மாவோ அந்த அரை மணித்தியாலத்தில் பால்கனியில் கதிரையைப் போட்டுக்கொண்டு கடற்காற்றில் இருந்தார். ஒரு நாளாவது "என்ன நடந்தது" என்று என்னிடம் கேட்டதில்லை. 2024 டிசெம்பரில் இரண்டாம் பாகம் தொடங்கியபோது, ஒருவேளை பார்ப்பாரோ என்று முதல் நாள் சத்தத்தைக் கூட்டி வைத்தேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் எழுந்து வந்து, கையில் ஈரத்தோடு சில நிமிடங்கள் நின்று பார்த்தார். "ஜனனி வேறை ஆளோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். "இந்தப் பிள்ளையையாவது வேலைக்குப் போக விடட்டும்," என்று சொல்லிவிட்டுக் குசினிக்குப் போனார்.