சிவப்பு டப்பாவை என்ன பண்றது? – வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை தபால் பூரா ஒரே சோகம். போன இதழ்ல ஹெச்டி டிவிடி பத்தி, அதாவது டிவிடிக்கு அடுத்ததா தோஷிபா கோஷ்டி கொண்டுவந்து ப்ளூரேயோட போட்டியில தோத்துப்போன டிஸ்க் பத்தி, போற போக்குல ரெண்டு வரி எழுதினேன், அதுக்கு இத்தனை பேர் பொங்குவீங்கன்னு நெனைக்கல.

கேள்வி: ஹெச்டி டிவிடி பிளேயர் வந்த புதுசுலயே, 2006-ல, அமெரிக்கால 499 டாலர் குடுத்து வாங்கினவன் சார் நான். ரெண்டு வருஷம் முழுசா ஓடல, கடையைக் கட்டிட்டாங்க. இன்னிக்கும் அலமாரியில அந்த ஹெச்டி டிவிடி டிஸ்க்குகளோட சிவப்பு டப்பாக்களைப் பாத்தா வயிறு எரியுது. இந்த லிஸ்ட்ல நான் ஒருத்தன்தானா?

பதில்: ஒருத்தரா? 2008 பிப்ரவரி 19 அன்னிக்கு தோஷிபா "இனிமே இதைப் பண்ணப் போறதில்ல"ன்னு அறிவிச்சப்ப, மைக்ரோசாஃப்டோட எக்ஸ்பாக்ஸ் கேம் மெஷின்ல மாட்டுற டிரைவையும் சேத்து உலகம் பூரா சுமார் 10 லட்சம் பெட்டி வித்திருந்துச்சு, அதுல பெரும்பங்கு அமெரிக்கால. ஆக கூட்டமா உக்காந்து அழற அளவுக்கு ஆள் இருக்கு. ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. முதல் வண்டியில ஏறினவர் நீங்க, அப்ப ப்ளூரேல வந்த முதல் சாம்சங் பிளேயர் 1000 டாலர், நீங்க பாதி காசுக்கு ரெண்டு வருஷம் ஊருக்கு முன்னாடி நல்ல படம் பாத்துட்டீங்க. என்னைக் கேட்டா நிஜமா ஏமாந்தது 2007 கடைசில வாங்கினவங்கதான். ஏன்னா அந்த ஆகஸ்ட்லதான் பாரமவுண்டும் ட்ரீம்வொர்க்ஸ் அனிமேஷனும்னு ரெண்டு பட ஸ்டூடியோ "இனி ஹெச்டி டிவிடி மட்டும்தான்"னு இந்தப் பக்கம் வந்தாங்க, அடடா நம்ம கட்சிதான் ஜெயிக்குதுன்னு நம்பி ஜனம் பெட்டியும் டிஸ்க்குமா வாங்கி அடுக்குச்சு, அஞ்சு மாசம் கூட ஆகல, 2008 ஜனவரி 4, வார்னர் ஸ்டூடியோ இனி ப்ளூரே மட்டும்தான்னு கட்சி மாறிட்டாங்க, அதுவும் லாஸ் வேகாஸ்ல சிஇஎஸ்ங்கற எலக்ட்ரானிக்ஸ் கண்காட்சி ஆரம்பிக்க ரெண்டு மூணு நாள் இருக்கும்போது. ஹெச்டி டிவிடி கோஷ்டி அங்க வச்சிருந்த பிரஸ் மீட்டையே கேன்சல் பண்ணிட்டாங்க. அப்புறம் பிப்ரவரில அப்ப டிஸ்க் வாடகைக்கு விட்டுக்கிட்டிருந்த நெட்ஃபிளிக்ஸ், பெரிய கடைகளான பெஸ்ட் பை, வால்மார்ட்னு வரிசையா ப்ளூரே பக்கம் சாஞ்சாச்சு. மண் குதிரையை நம்பி ஆத்துல இறங்கினவனுக்குக் கூட கரையாத வரைக்கும் கொஞ்சம் டைம் கிடைக்கும், இவங்களுக்கு அதுவும் இல்ல.

கேள்வி: எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்ல. 2007 நவம்பர்ல நூறு டாலருக்குள்ள பிளேயர் கிடைச்சுது, ஃபார்மட் செத்த அப்புறம் டிஸ்க்கெல்லாம் அடிமாட்டு விலைக்கு அள்ளினேன். பிரண்ட்ஸ் எல்லாம் பைத்தியம்ங்கறாங்க. நான் பைத்தியமா?

பதில்: உங்க பிரண்ட்ஸுக்குப் பொறாமை. அந்த சேல் ஞாபகம் இருக்கு, வால்மார்ட்ல 98.87 டாலர், தோஷிபாவோட ஹெச்டி-ஏ2. அதை ஒரு டிவிடி பிளேயர்னே வச்சுக்கிட்டாலும் லாபம்தான், ஏன்னா பழைய டிவிடியைப் போட்டா ஹெச்டிஎம்ஐ வழியா பெரிய டிவிக்கு ஏத்த மாதிரி படத்தை உயர்த்திக் குடுக்கும், அந்த வேலையை மட்டும் செய்யற பெட்டியே அப்ப கிட்டத்தட்ட அந்த விலைக்குத்தான் வித்துக்கிட்டிருந்துச்சு. ஃபார்மட் செத்ததும் வாங்க ஆரம்பிச்ச கூட்டம்னு ஒண்ணு தனியா உண்டு, எனக்கு ரொம்பப் பிடிச்ச கூட்டம் அது. மைக்ரோசாஃப்ட் 199 டாலருக்கு வித்த எக்ஸ்பாக்ஸ் டிரைவை 49.99க்கு இறக்கினாங்க, அது யுஎஸ்பிதான், கம்ப்யூட்டர்லயே சொருகலாம்னு தெரிஞ்சவங்க ரெண்டு ரெண்டா எடுத்து வச்சுக்கிட்டாங்க. அதோட ஹெச்டி டிவிடில ரீஜன் கோடே கிடையாது, எந்த நாட்டு டிஸ்க்கையும் எந்த நாட்டுப் பெட்டியிலயும் போடலாம். ப்ளூரேல ஏ, பி, சின்னு உலகத்தையே மூணாப் பிரிச்சு வச்சிருக்காங்க.

கேள்வி: ப்ளூரேல படம் தெளிவா இருந்ததாலதான் அது ஜெயிச்சுதுன்னு என் மச்சான் அடிச்சு சொல்றான். உண்மையா?

பதில்: மச்சான்கிட்ட சண்டை போடாதீங்க, ஆனா இல்ல. ரெண்டுலயும் அதே 405 நானோமீட்டர் நீல லேசர், அதே 1080பி தெளிவு, படத்தை சுருக்கற முறைகளும் அதேதான். வித்தியாசம் டிஸ்க்ல எவ்வளவு கொள்ளும்ங்கறதுல. ரெண்டு அடுக்கு வச்சா ஹெச்டி டிவிடில 30 ஜிபி, ப்ளூரேல 50. ஹெச்டி டிவிடில தகவல் இருக்கற அடுக்கு டிவிடி மாதிரியே 0.6 மில்லிமீட்டர் உள்ள, ப்ளூரேல 0.1 மில்லிமீட்டர்லயே, அதனால டிவிடி ஃபாக்டரியையே கொஞ்சம் மாத்தி ஹெச்டி டிவிடி அடிச்சிரலாம்னு கணக்குப் போட்டாங்க. கணக்கு தப்பில்ல. ஆனா 2006 நவம்பர்ல சோனியோட கேம் மெஷின் ப்ளேஸ்டேஷன் 3 வந்துச்சு பாருங்க, கேம் ஆடறதுக்கு வாங்கினவன் வீட்டுக்குள்ள கேக்காமலே ஒரு ப்ளூரே பிளேயரும் வந்து உக்காந்துருச்சு. அதோட பல ஸ்டூடியோக்கள் ஆரம்பத்துலயே அந்தப் பக்கம். படம் ஓடற இடத்துக்குத்தானே ஜனம் போகும்.

இன்னொரு விஷயம், ஜெயிச்ச பக்கத்துல ஆரம்பத்துல வாங்கினவங்களும் சிரிச்சுக்கிட்டே இருக்கல. ஹெச்டி டிவிடி பிளேயர்ல இன்டர்நெட் சொருகற வசதியும் படத்துக்குள்ள இன்னொரு குட்டிப் படம் காட்டற வசதியும் முதல் நாள்லேருந்தே கட்டாயம். முதல்ல வந்த ப்ளூரே பிளேயர்கள்ல அது கட்டாயமில்ல, அப்புறமா 1.1, 2.0ன்னு ப்ரொஃபைலை, அதாவது பிளேயர்ல என்னென்ன வசதி இருக்கணும்ங்கற விதியை, ஏத்திக்கிட்டே போனாங்க, 1000 டாலர் குடுத்தவன் பெட்டியில புது டிஸ்க்கோட இந்த மாதிரி எக்ஸ்ட்ரா சமாச்சாரம் ஓடல. அந்த எரிச்சலை யாரும் பேசறதே இல்ல, ஜெயிச்சவன் புலம்பினா யார் கேப்பா.

கேள்வி: நஷ்ட ஈடுன்னு எதாவது குடுத்தாங்களா?

பதில்: கொஞ்சம். பெஸ்ட் பை தன்கிட்ட பிளேயர் வாங்கினவங்களுக்கு 50 டாலர் கிஃப்ட் கார்டு குடுத்துச்சு. ஜப்பான்ல எடியன்ங்கற கடை, வித்தியாசத்தை மட்டும் கட்டிட்டு ப்ளூரே மெஷினா மாத்திக்கோங்கன்னு சொன்னாங்க, எனக்குத் தெரிஞ்சு இதுல மானஸ்தன் அந்தக் கடைதான். வார்னர் 2009-ல சிவப்பு டப்பாவை ப்ளூரேயோட நீல டப்பாவாக்கற திட்டம் ஒண்ணு கொண்டுவந்துச்சு, பழைய டிஸ்க்கோட அட்டையை அனுப்பி ஒரு படத்துக்கு 4.95 டாலர் கட்டினா அதே படம் ப்ளூரேல. அதே வருஷம் தோஷிபாவே ப்ளூரே பிளேயர் போட்டுச்சு. அன்னிக்குதான் நிறையப் பேருக்கு நிஜமா கண்ணு கலங்குச்சுன்னு நெனைக்கறேன்.

கேள்வி: அண்ணா, இப்படி டிஸ்க் வாங்கி ஏமாறறது இதான் முதல் தடவையா? இதைவிட மோசமா எதாவது நடந்திருக்கா?

பதில்: இதைவிட மோசம் இருக்குப்பா. 1998-ல சர்க்யூட் சிட்டி கடைக்காரங்க டிவ்எக்ஸ்னு ஒண்ணு கொண்டுவந்தாங்க. நாலரை டாலருக்கு டிஸ்க் வாங்கணும், முதல் தடவை போட்டதுலேருந்து 48 மணி நேரம் பாக்கலாம், அப்புறம் பாக்கணும்னா மறுபடி காசு, பிளேயரே டெலிபோன் லைன்ல கம்பெனிக்குப் பேசி கணக்கு சொல்லும். ஜனம் இதைப் பாத்து கடுப்பாகிட்டாங்க, சும்மா வேடிக்கை பாக்கல, வாங்காதீங்கன்னு ஊரெல்லாம் பிரசாரமே பண்ணினாங்க. 1999 ஜூன்ல ஊத்தி மூடியாச்சு, பிளேயர் வாங்கினவங்களுக்கு 100 டாலர் திருப்பிக் குடுத்தாங்க. ஆனா கவனிங்க, 2001 ஜூலைக்கு அப்புறம் அந்த டிஸ்க் ஓடவே ஓடாது, ஃபோனை எடுக்க அந்தப் பக்கம் ஆளே இல்ல. ஹெச்டி டிவிடி அப்படி இல்ல. கம்பெனி கைவிட்ட மறுநாளும் போட்டா ஓடிச்சு, இன்னிக்கும் ஓடும். புதுப் படம் வராது, ரிப்பேர்னா பார்ட்ஸ் கிடைக்காது, அவ்வளவுதான் போச்சு. இந்த ரெண்டையும் ஒரே மாதிரி 'செத்துப்போச்சு'ன்னு சொல்றதுல எனக்கு உடன்பாடில்ல.

கேள்வி: ஓடும் ஓடும்ங்கறீங்க, என் டிஸ்க் பாதி ஓடலயே? ஒரு கீறல் இல்ல, கண்ணாடி மாதிரி இருக்கு, பாதிப் படத்துல நின்னுடுது.

பதில்: எந்த ஸ்டூடியோ டிஸ்க்னு பாருங்க. அதிகமா புகார் வர்றது வார்னர் டிஸ்க் பத்திதான், 2006லேருந்து 2008 வரைக்கும் அடிச்ச தங்களோட டிவிடிகள்லயே சிலது கெட்டுப்போகுதுன்னு 2025-ல அவங்களே ஒத்துக்கிட்டாங்க. கீறல் வெளில இல்ல, உள்ள அடுக்குல கோளாறு, துடைச்சாலும் சரியாகாது. மத்த டிஸ்க்கெல்லாம் ஒரு தடவையாவது முதல்லேருந்து கடைசி வரைக்கும் ஓடவிட்டுப் பாருங்க, பாதி ஓடினதை வச்சு நல்லா இருக்குன்னு முடிவு பண்ணாதீங்க. அப்புறம் உங்க டிஸ்க் காம்போவான்னும் பாருங்க, அதாவது ஒரு பக்கம் ஹெச்டி டிவிடி, திருப்பினா சாதா டிவிடி, அப்ப விலை கூடன்னு எல்லாரும் திட்டிக்கிட்டே வாங்கினது. படம் எதுவும் அச்சடிக்காம ரெண்டு பக்கமும் பளபளன்னு இருந்தா காம்போதான், எந்தப் பக்கம் எதுன்னு நடு ஓட்டையைச் சுத்தி பொடி எழுத்துல போட்டிருக்கும். டிவிடி பக்கத்தைப் போட்டுப் பாருங்க, ஓடினா படமாவது மிச்சம்.