பழைய பயம் வேலை நெருக்கடியில் திரும்ப வந்தால் என்ன செய்வது?

பல வருஷத்துக்கு முந்திய அதிர்ச்சி, இப்போது வேலை நெருக்கும்போது திரும்ப வருகிறது, பைத்தியம் பிடித்துவிடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். பிடிக்காது. வீட்டில்கூட வாய் திறந்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

நான் இலங்கை மலையகத்தில் கொஸ்லந்தைப் பக்கம். 2014 அக்டோபர் 29 காலை மீரியபெத்தையில் மலை சரிந்து, தோட்டத் தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்களை மூடியது. என் பெரியம்மா இருந்த காம்பராவும், அதாவது லயத்து அறையும், அதில் போனது. அதற்கப்புறம் மழை என்றால் பயம், அது சரி. ஆனால் எனக்கு முற்றுவது மார்ச் கடைசியில், கடையில் வருஷக் கணக்கு முடிக்கும் நாட்களில். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இருக்காது. நானோ அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஷாப்பிங் பையில் போட்டுக் கதவில் மாட்டிவிட்டு, செருப்பை வாசல் பக்கம் திருப்பி வைத்துத்தான் படுப்பேன். ரோட்டில் லொறி கல் கொட்டினால் எழுந்து நிற்பேன். "மழையே இல்லையே புள்ள" என்பார் வீட்டுக்காரர். கணக்குக்கு வந்த படபடப்பா, மண்ணுக்கு வந்ததா என்று உடம்பு பிரித்துப் பார்ப்பதில்லை. தூக்கம் கெட்டால் இன்னும் மோசம்.

"பயப்படாதே" என்பவர்கள் மலையடியில் குடியிருந்து பார்க்கட்டும். எங்கள் பயம் பாதி நியாயமானது. அதனால் நான் பிரித்துக்கொள்கிறேன். மண்சரிவு எச்சரிக்கை வந்திருக்கிறதா, சுவரில் புது வெடிப்பு உண்டா, மரம் சாய்ந்திருக்கிறதா, ஊற்றுத் தண்ணீர் கலங்கி வருகிறதா? ஒன்று இருந்தாலும் பையோடு வெளியே போய்விட வேண்டியதுதான். ஒன்றும் இல்லையென்றால் குளிர்ந்த சிமெந்துத் தரையில் வெறுங்காலை அழுத்தி வைத்து, இன்றைய தேதியையும் இருக்கும் இடத்தையும் சத்தமாகச் சொல்லி, மூச்சை மெதுவாக, நீளமாக விடுவேன். இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். மருந்து வேண்டாமென்று சொல்லவில்லை, நான் டாக்டரும் இல்லை.

கிளினிக் போனேன். தமிழ் தெரிந்த டாக்டர் இல்லை. அட்டென்டன் மொழிபெயர்க்க, என் கதையை வரிசையே கேட்டது. தமிழும் அரச கரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பில் எழுதினார்களாம், யாருக்காக எழுதினார்களோ! நீங்கள் போகும்போது சிங்களம் தெரிந்த நம்பிக்கையான ஒருவரைக் கூட்டிப் போங்கள், சொந்தக்காரர் வேண்டாம். ராத்திரியில் தாங்க முடியாவிட்டால் தேசிய மனநல உதவி எண் 1926க்கு எடுங்கள்.