சைலன்சரை மாற்றினால் புகைச் சோதனையில் தேறுமா?

பெட்ரோல் காருக்குக் கனமான சத்தம் வேண்டும், ஆனால் புகைச் சோதனையிலோ போலீஸ் சோதனையிலோ மாட்டக் கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள். ஓரளவு முடியும். முதல் நிபந்தனை: புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைத் தொடவே கூடாது.

கார்பன் மோனாக்சைடையும் எரியாத ஹைட்ரோகார்பனையும் குறைப்பது அதுதான். புகைச் சோதனையில் அளப்பதும் அவற்றைத்தான். இப்போதைய கார்களில் பெரும்பாலும் கன்வெர்ட்டருக்கு முன்னும் பின்னும் ஆக்சிஜன் சென்சார் இருக்கிறது. கன்வெர்ட்டரை எடுத்துவிட்டு வெறும் குழாய் போட்டால் பின் சென்சார் கண்டுபிடித்து, செக் எஞ்சின் விளக்கை எரியவிடும். குழாயை இணைக்கும் வெல்டிங்கில் சின்ன ஓட்டை இருந்தால்கூட வெளிக்காற்று புகுந்து சென்சார் காட்டும் அளவு மாறிவிடலாம். இதைப் பலர் கவனிப்பதில்லை.

ஆகவே கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள மஃப்ளரை (சைலன்சரை) மட்டும் மாற்றுங்கள். இரைச்சலைத் தணிக்கும் ரெசனேட்டரைக் கழற்றச் சொல்லும் மெக்கானிக் பேச்சைக் கேட்காதீர்கள். அது போனால் நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் ஓட்டும்போது காதைக் குடையும் ரீங்காரம் வரும். வீட்டில் உள்ளவர்கள் காரில் ஏறவே மாட்டார்கள். குழாயையும் ரொம்பப் பெரிதாக்க வேண்டாம், குறைந்த வேகத்தில் இழுவை குறையும்.

சரி, போலீஸ்? புகைச் சான்றிதழ் சத்தத்துக்குப் பாதுகாப்பு இல்லை, அந்தச் சோதனையில் சத்தத்தை அளப்பதே கிடையாது. ஒலி வரம்பை மீறினால் மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 190(2)ன்படி முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். என்னைக் கேட்டால், உங்கள் கார் கம்பெனியே அந்த மாடலுக்கு விற்கும் மஃப்ளர் இருந்தால் அதையே வாங்குங்கள். பழையதைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.