அத்தைக்குக் கொடுத்த ஓர் அட்டை மாத்திரை

கேள்வி: ஆறு மாதமாக இடுப்பிலும் தொடையிடுக்கிலும் படர்தாமரையால் அவதிப்படுகிறேன். தோல் மருத்துவர் இட்ராகோனசோல் 100 மில்லிகிராம் கேப்சூலை நாளுக்கு இரண்டு வீதம் நான்கு வாரங்களுக்கு எழுதிக் கொடுத்தார். பத்தே நாளில் அரிப்பு நின்றுவிட்டது. இது கல்லீரலைக் கெடுக்கும் என்கிறார்களே, நிறுத்திவிடலாமா? என் மாமியாரான அத்தைக்கும் இதே அரிப்பு என்பதால் பத்து கேப்சூல் உள்ள ஓர் அட்டையை அவருக்குக் கொடுத்திருக்கிறேன். பிரஷர், கொழுப்பு மாத்திரைகளோடு சேர்த்துப் போட்டுக்கொள்கிறார்.
– வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் கல்லீரலைப் பற்றிப் பிறகு பேசுவோம். இன்று இரவு உங்கள் மாமியார் அந்தக் கேப்சூலைப் போடக் கூடாது. அதை முதலில் வாங்கி வைத்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

நாம் விழுங்கும் பல மருந்துகளைக் கல்லீரலில் உள்ள ஒரு நொதிதான் சிதைத்து வெளியேற்றுகிறது. இட்ராகோனசோல் அந்த நொதியை முடக்கிவிடுவதால், வழக்கமாகப் போடும் அதே கொழுப்பு மாத்திரை இரத்தத்தில் பல மடங்கு தேங்கி, தசைகளைச் சிதைத்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்யும் அளவுக்குப் போகலாம். கொழுப்பு மாத்திரைகளில் சிம்வாஸ்டாட்டினோடு இதைச் சேர்க்கவே கூடாது. அட்டோர்வாஸ்டாட்டின் என்றாலும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். பிரஷருக்குப் போடும் அம்லோடிபினும் இதனால் உடம்பில் கூடிக் கால் வீங்கலாம். இட்ராகோனசோல் இதயத் துடிப்பின் வலுவையே குறைக்கக்கூடிய மருந்து என்பதால், இதயம் பலவீனமானவர்களுக்குப் படர்தாமரைக்காக இதைக் கொடுப்பதில்லை. உங்கள் மாமியாரின் இதயம் எப்படி இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? கடைசியாக எப்போது பரிசோதித்தீர்கள்?

பாசத்தில்தான் கொடுத்தீர்கள் என்று நம்புகிறேன். ஆனால் உங்களுக்கு அரித்தபோது தோல் மருத்துவரிடம் போனீர்கள். அவருக்கு அரித்தபோது உங்கள் அட்டையில் ஒன்றைப் பிரித்துக் கொடுத்தீர்கள். வயதான பெண்ணின் உடம்புக்குத் தனியாக ஒரு டாக்டர் செலவு எதற்கு என்ற எண்ணம் நம் வீடுகளில் யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே நடைமுறையில் இருக்கிறது. அதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். கடிதத்தில் உங்கள் கணவரைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. பெற்ற தாய் என்னென்ன மாத்திரை போடுகிறார் என்பது மகனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மருத்துவரிடம் அழைத்துப் போவது அவருடைய கடமையும்தான்.

இன்னொன்றையும் கவனித்தேன். நான்கு வாரத்துக்கு 56 கேப்சூல். பத்தைக் கொடுத்துவிட்டதால் உங்களுக்கே ஐந்து நாள் மருந்து குறைகிறது. நிறுத்திவிடலாமா என்ற கேள்விக்கு அதுவும் ஒரு காரணமென்றால், உங்கள் மருத்துவரிடம் நடந்ததைச் சொல்லி மீதியை எழுதி வாங்குங்கள். அரிப்பு முதலில் அடங்கிவிடும். தோலில் பூஞ்சை அதற்குப் பிறகும் இருக்கும். பாதியில் விட்டவர்களுக்குத் திரும்ப வருவதை நான் எத்தனையோ கடிதங்களில் படித்துவிட்டேன். ஆகவே நீங்களாக நிறுத்தாதீர்கள். கல்லீரல் பாதிப்பு அரிதாக வருவதுண்டு: பசி அறவே போவது, தொடர்ந்து குமட்டுவது, சிறுநீர் அடர்மஞ்சளாவது, கண் மஞ்சளாவது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் மருந்தை நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். இரத்தப் பரிசோதனை தேவையா என்றும் அவரிடம் கேளுங்கள். கேப்சூலை வயிறு நிறையச் சாப்பிட்டவுடன் போட வேண்டும். வயிற்றில் அமிலம் இருந்தால்தான் அது கரையும். பான்டோப்ரசோல் போன்ற கேஸ் மாத்திரை போடுகிறவராக இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். கருத்தரிக்கும் வாய்ப்பு இருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும்.

இருவருக்கும் ஒரே அரிப்பு என்றால் துண்டும் சோப்பும் பொதுவாக இருக்கின்றனவா என்று பாருங்கள். துணிகளை வெந்நீரில் துவைத்து, நல்ல வெயிலில் உலர்த்துங்கள். கடைக்காரர் தரும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு இருவருக்கும் வேண்டாம். அது அரிப்பை அடக்கிக்கொண்டே பூஞ்சையைப் பரவவிடும்.

நாளைக் காலையில் மாமியாரை அழைத்துப் போங்கள். இட்ராகோனசோலின் பாதிப்பு நிறுத்திய பிறகும் ஒன்றிரண்டு வாரம் உடம்பில் இருக்கும் என்பதால், கொழுப்பு மாத்திரையை அதுவரை நிறுத்த வேண்டுமா என்று மருத்துவர் சொல்லட்டும். பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அதற்குள் தொடையிலோ தோளிலோ தசை வலித்தாலும், சிறுநீர் டிகாஷன் நிறத்தில் போனாலும், மூச்சு வாங்கினாலும் காலை வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். அவர் போடும் எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு ஒரு பையில் எடுத்துக்கொள்ளுங்கள். பாவாடை நாடா இறுகும் இடத்து அரிப்பை வேற்று மனிதரிடம் சொல்ல அவர் கூசக்கூடும். பெண் மருத்துவர் கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் நீங்கள் உள்ளே கூடவே இருந்து எடுத்துச் சொல்லுங்கள். அந்த அட்டையைக் கொடுத்தது நீங்கள்தான் என்பதையும், அதில் எத்தனை கேப்சூல் தீர்ந்திருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.