ஓவியத்தை விற்றால் அச்சிடும் உரிமையும் போய்விடுமா?

போகாது. உங்கள் ஓவியத்தை வாங்கியவர் அதை நாட்காட்டியில் அச்சிட்டு விற்கிறார் என்றாலும், நீங்கள் விற்றது அந்த ஓர் ஓவியத்தை மட்டுமே. அதை அச்சிட்டு விற்பதற்கான உரிமை, நீங்கள் எழுதிக் கொடுத்திருந்தாலொழிய, உங்களிடமே இருக்கிறது. பதிவு செய்யவில்லையே என்று தவிக்க வேண்டாம். படைப்பாளரின் உரிமையைக் காக்கும் பன்னாட்டு ஒப்பந்தமான 1886-இன் பெர்ன் உடன்படிக்கையை ஏற்ற நாடுகளில் பதிப்புரிமைக்குப் பதிவு கட்டாயமில்லை.

அவர் வஞ்சகராக இருக்க வேண்டியதில்லை. காசு கொடுத்ததால் எல்லாமே தனது என்று நினைத்திருப்பார்.

முதலில் ரசீதையும் கடிதங்களையும் எடுத்துப் பாருங்கள். ‘அனைத்து உரிமைகளும்’ என்ற சொல் எங்காவது ஒளிந்திருக்கிறதா? இல்லையென்றால், சண்டைக்குப் போகாமல் பிரதிக்கு இவ்வளவு என்று உரிமத்தொகை கேளுங்கள். கூச்சப்பட்டே இதை இழந்தவர்கள் அதிகம்.

ஆனால் அவர் கேட்டு நீங்கள் வரைந்த படம் என்றாலோ, சம்பளத்துக்கு வரைந்தது என்றாலோ, சில நாடுகளில் உரிமை தொடக்கத்திலேயே அவருடையதாகிவிடும். அப்படியானால் வழக்கறிஞரிடம் காட்டிய பிறகே வாயைத் திறங்கள்.