நாலு மணிக்குப் பிறகு (கடிதமும் பதிலும்)

வணக்கம் அக்கா,

உயர்தரப் பெறுபேறு வந்துவிட்டது. பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற என் இசட் புள்ளி, பௌதிக விஞ்ஞானத்துக்குக் கொழும்புக்கும் காணும், பேராதனைக்கும் காணும் போலிருக்கிறது. விண்ணப்பத்தில் எதை முதலாவதாகப் போடுவது என்று வீட்டில் தினமும் சண்டை. கொழும்பு என்றால் வீட்டிலிருந்தே போகலாம். நூலகம், கருத்தரங்கு, பயிற்சி வேலை எல்லாம் பக்கத்தில். கண்டி சின்ன ஊர், அங்கே போனால் முடங்கிவிடுவாய் என்கிறார்கள் தோழிகள். அம்மாவுக்கு, சீனியர்கள் புதுப் பிள்ளைகளை வதைக்கிற பகிடிவதையை நினைத்துப் பயம். நான் பேராதனைக் கம்பஸைப் பார்த்ததே இல்லை, பள்ளிக்கூடச் சுற்றுலாவில் பூந்தோட்டத்துக்குப் போனதோடு சரி. பௌதிகவியல் எங்கே நல்லது என்றும் சொல்லுங்கள்.

ச., வெள்ளவத்தை

அன்புள்ள ச.,

இந்தச் சண்டை உங்கள் வீட்டில் தொடங்கியதில்லை, பிள்ளை. 1921இல் கொழும்பில், தேர்ஸ்டன் ரோட்டில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. அதை முழுப் பல்கலைக்கழகமாக்கும்போது கொழும்பிலேயே வைப்பதா, கண்டிப் பக்கம் கொண்டுபோவதா என்று இந்த நாட்டின் பெரிய மனிதர்கள் வருடக்கணக்கில் அடிபட்டார்கள். கடைசியில் பேராதனை என்று முடிவானது. 1942இல் கொழும்பில் பிறந்த இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் மலையேறியது. முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ் மாணவர்கள் அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும் என்பதில் விடாப்பிடியாக இருந்தார். கொஞ்ச நாளாக இந்தக் கதையைத்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது.

பயிற்சி வேலையை விடுங்கள். கண்டி 115 கிலோமீற்றர்தான், லண்டன் இல்லை.

ஆனால் நூலகம், கருத்தரங்கு என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் உங்கள் வெள்ளவத்தையில், 57ஆவது ஒழுங்கையில் இருக்கிறது. எத்தனை தரம் போனீர்கள்? தேசிய சுவடிகள் கூடத்தின் வாசலையாவது கண்டீர்களா? உங்கள் கொழும்பு என்பது காலி வீதியில் ரியூசனுக்கும் வீட்டுக்கும் இடையில் 100ஆம் இலக்க பஸ் ஓடுகிற துண்டு. கோயில் தமிழ், கடை தமிழ், மாடியில் குடியிருப்பவரும் தமிழ். அதுவும் ஒரு சின்ன ஊர்தான். வவுனியாவிலிருந்து ஒரு பிள்ளை இதே கேள்வியைக் கேட்டிருந்தால், கண்ணை மூடிக்கொண்டு கொழும்பை முதலாவதாகப் போடச் சொல்லியிருப்பேன்.

நாலு மணிக்குத் தேர்ஸ்டன் ரோட் பஸ் தரிப்பிடத்தில் போய் நின்று பாருங்கள். விரிவுரை முடிந்ததும் பாதிப் பேர் பஸ்ஸுக்கு ஓடுகிறார்கள். மஹரகமக்காரி மஹரகமைக்கு, வத்தளைக்காரி வத்தளைக்கு. வீடு போய்ச் சேர ஆறு, ஆறரை. அப்புறம் குளிப்பு, சாப்பாடு, அம்மாவின் தொலைக்காட்சி நாடகம். கூடப் படிக்கிறவளோடு சண்டை பிடிக்க நேரமில்லை, சமாதானமாகவும் நேரமில்லை. பேராதனையில் நாலு மணிக்குப் பிறகு போக இடமே கிடையாது. அதுதான் அந்த ஊரின் பெரிய வசதி.

நான் கொட்டாஞ்சேனைக்காரி. கொண்டக்டரிடம் 'பஹினவா' (இறங்கப்போகிறேன்) சொல்லுமளவுக்குத்தான் சிங்களம். பேராதனையில் படித்தபோது, சங்கமித்தை விடுதியில் என் அறைத்தோழி மொனராகலையிலிருந்து வந்தவள், அவளுக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது. யுத்த காலம்; அவளுடைய அண்ணன் ஆமியில். முதல் மாதம் லைட்டை எப்போது அணைப்பது என்பதைத் தவிர நாங்கள் எதுவும் பேசவில்லை. பிறகு ஒருநாள் அவள் வீட்டிலிருந்து குரக்கன் மா வந்தது. அறையில் சமைக்கக் கூடாது என்று சட்டம். கதவைப் பூட்டிவிட்டு, கேத்திலில் தண்ணீர் கொதிக்கவைத்து, ரின்பால் பேணிக்குள் மாவைப் போட்டுக் கரண்டிக் காம்பால் கிண்டினாள். அடியில் கட்டி, மேலே பச்சை மா. இரண்டு பேரும் அதைத் தின்றோம். அவளுடைய அப்பா சேனைப் பயிருக்கு நடுவே மரத்து மேல் குடில் கட்டி, யானைக்குக் காவலாக இரவெல்லாம் விழித்திருப்பார் என்று அன்றைக்குத்தான் சொன்னாள். குரக்கனைப் பைக்கற்றில் மட்டும் கண்டிருந்த எனக்கு அந்த மாவுக்குப் பின்னால் யானை நின்றதே தெரியாது. அண்ணன் ஒருமுறை சிவில் உடுப்பில் விடுதி வாசலுக்கு வந்தான், கையில் ஒரு பை விளாம்பழம். எனக்கும் சேர்த்துத்தான் கொண்டுவந்திருந்தான். பயந்துகொண்டே வாங்கினேன். என்ன பயம் என்று அவள் பிறகு ஒரு கிழமை என்னோடு பேசவில்லை. இதெல்லாம் வீட்டிலிருந்து போய்வருகிற பிள்ளைக்கு எங்கே நடக்கும்?

தோழிகள் 'முடங்கிவிடுவாய்' என்பதற்குப் பதில் எழுதி நேரத்தை வீணாக்கப்போவதில்லை.

அம்மாவின் பயம் வேறு. அதைச் சிரித்துத் தள்ளாதீர்கள். 1997இல் பேராதனைப் பொறியியல் பீடத்தில் ஒரு தமிழ்ப் பிள்ளை பகிடிவதையால் செத்தான். அதற்கு அடுத்த வருடம்தான் பகிடிவதைத் தடைச் சட்டம் வந்தது. சட்டம் வந்தும் வதை ஒழியவில்லை, கொழும்பிலும் ஒழியவில்லை. எவனாவது 'சும்மா பகிடிதானே' என்றால் அன்றைக்கே முறைப்பாடு செய்யுங்கள், அம்மாவிடமும் அன்றைக்கே சொல்லுங்கள். மறைப்பதில்லை என்று இப்போதே அவருக்கு வாக்குக் கொடுங்கள். விடுதி எல்லா வருடமும் கிடைக்காது, நடுவில் வெளியே போடிங் தேட வேண்டிவரும் என்பதையும் அவரிடம் மறைக்க வேண்டாம். பாவம், அவருக்குக் கணக்குத் தெரிய வேண்டும்.

பௌதிகவியல் எங்கே நல்லது என்பதை இரண்டு இடத்திலும் மூன்றாம் வருடம் படிக்கிற பிள்ளைகளிடம் கேளுங்கள்.

விண்ணப்பம் அனுப்புவதற்கு முன்னால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஒரு கிழமைநாளில் போய் வாருங்கள். புறக்கோட்டையில் 1ஆம் இலக்க பஸ், கண்டி வரை போகாமல் பேராதனையிலேயே இறங்க வேண்டும். பூந்தோட்டத்துக்குள் போய்விடாதீர்கள். கலஹா வீதியால் கம்பஸுக்குள் நடந்து, நாலு மணி தாண்டும்வரை அங்கேயே இருங்கள். திரும்பி வர இரவாகும், அம்மாவுக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள்.