நிழலே விழாத கோபுரமும் மூன்று கடிதங்களும்

கேள்வி: உங்கள் 'அட, அப்படியா!' பக்கத்தில் ஜப்பான் கோயில், ஆஸ்திரேலியப் பறவை என்று எங்கெங்கோ உள்ள அதிசயங்களை எழுதுகிறீர்கள். தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தின் நிழல் தரையில் விழாது, உச்சியில் 80 டன் ஒரே கல், நந்தி வளர்ந்துகொண்டே இருக்கிறது என்று மூன்று முறை எழுதி அனுப்பிவிட்டேன். ஒருமுறைகூடப் போடவில்லை. தமிழன் பெருமை என்றால் உங்களுக்குக் கசக்கிறதா?
- பெயர் வேண்டாம், கும்பகோணம்

பதில்: கசக்கவில்லை ஐயா. மூன்று கடிதமும் வந்தன, மூன்றையும் படித்தேன், மூன்றாவதில் அடிக்கோடு போட்டு எழுதியிருந்ததையும் சேர்த்து. போடாததற்கு ஒரே காரணம், நிழல் விழுகிறது.

கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் ஒரு மணி நேரப் பயணம். நீங்கள் போகாமலா இருந்திருப்பீர்கள்? சாயங்காலம் ஐந்து மணிக்குப் போனால் வெயில் மேற்கே இருக்கும், நிழல் முன்மண்டபத்தைத் தாண்டி நந்தி வரைக்கும் வந்து கிடக்கும். அந்த நிழலில்தான் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து பொரி கொறிக்கிறார்கள். ஒருவேளை நீங்களும் அங்கே உட்கார்ந்துதான் நிழல் விழாத அதிசயத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பீர்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

(இன்னொன்று, அது கோபுரம் இல்லை, விமானம். கருவறைக்கு மேலே இருப்பது விமானம், வாசலில் நிற்பது கோபுரம். போகட்டும், ஊரே அப்படித்தான் சொல்கிறது.)

ஆனால் இந்தக் கதைக்குள் ஒரு துளி நிஜம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நானும் உங்களைப்போலவே ஆகிவிடுவேன். விமானம் ஏறக்குறைய 216 அடி உயரம், அடித்தளம் ஒவ்வொரு பக்கமும் கிட்டத்தட்ட 99 அடி, அதாவது நடுவிலிருந்து விளிம்புக்கு ஐம்பதடி. தஞ்சாவூர் இருக்கும் இடத்தில் மார்ச் நடுவிலிருந்து செப்டம்பர் கடைசி வரை உச்சிவெயில் கிட்டத்தட்ட தலைக்கு நேரே அடிக்கும். அப்போது மத்தியானம் கலசத்தின் நிழல் அந்த ஐம்பதடியைத் தாண்டாது, தன் உடம்பிலேயே விழுந்துவிடும், சுவரோரமாக மட்டும் கொஞ்சம் நிழல் தெரியும். ஏப்ரல் 18-ஐ ஒட்டி ஒரு நாளும் ஆகஸ்ட் 24-ஐ ஒட்டி ஒரு நாளும் சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேலே நிற்கும், அந்த ஒரு நிமிடம் நிழலே இருக்காது. ஆனால் அன்றைக்குப் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கும் நிழல் இருக்காது, தெருவிளக்குக் கம்பத்துக்கும் இருக்காது, அதற்காக அந்தக் கம்பத்தை யாரும் கும்பிடுவதில்லை. நம்பிக்கை வரவில்லையென்றால் டிசம்பர் கடைசியில் மத்தியானம் போய் வடக்குப் பக்கம் நில்லுங்கள். சுவரைத் தாண்டி 80 அடிக்குக் குறையாமல் நிழல் நீண்டு கிடக்கும்.

80 டன் கல்லைப் பற்றி ஒரு வரிதான்: உச்சியில் இருப்பது ஒரே கல் இல்லை, பல கற்களைச் சேர்த்துப் பொருத்தியது. நந்தி நாயக்கர் காலத்தது. ராஜராஜனுக்குப் பிறகு ஐந்நூறு வருடம் கழித்து வந்த நந்தி, வந்ததிலிருந்து அதே அளவுதான்.

சரி, அப்படியென்றால் அந்தக் கோயிலில் அதிசயமே இல்லையா என்று நாலாவது கடிதம் போட்டுவிடாதீர்கள். அதிசயம் எல்லாம் சுவரில் வெட்டி வைத்திருக்கிறது, நாம்தான் அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறோம். அடுத்த முறை கழுத்தைக் கொஞ்சம் இறக்கி விமானத்தின் அடிப்பகுதியைப் பாருங்கள். "நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" கல்லில் வெட்டுக என்று ராஜராஜன் சொன்னது அங்கே இருக்கிறது. அக்கன் என்றால் அக்கா குந்தவை. தான் கொடுத்ததற்கு அடுத்து அக்கா கொடுத்தது, பிறகுதான் மனைவிமார், அதற்குப் பிறகு மற்றவர்கள். ஒரு சக்கரவர்த்தி தன் கல்வெட்டில் மற்றவர் கணக்கையும் சேர்த்து எழுதச் சொல்கிறான். இன்றைக்கு ஒரு டியூப்லைட் வாங்கிக் கொடுத்தால் வெளிச்சமே வராத அளவுக்கு அதன்மேல் உபயதாரர் பேர் எழுதுகிறோம், அதை நினைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டும்.

கோயிலுக்கு ஆட வந்த நானூறு பெண்களின் பட்டியல் இன்னும் பெரிய விஷயம். நானூறு என்று மொத்தமாக எழுதிவிட்டுப் போகவில்லை. எந்தத் தெரு, தென்சிறகா வடசிறகா (சிறகு என்றால் வீட்டு வரிசை), எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், அவள் பேர் என்ன, எல்லாம் இருக்கிறது. திருவாரூர், திருவையாறு, பழையாறை என்று பல ஊர்களிலிருந்து வந்த பெண்கள். ஆளுக்கு ஒரு வீடு, வருடத்துக்கு நூறு கலம் நெல். ஒருத்தி இறந்துபோனாலோ வேறு தேசம் போய்விட்டாலோ அந்தப் பங்கு அடுத்து யாருக்குப் போக வேண்டும் என்பதும் எழுதியிருக்கிறது. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஒரு பெண்ணின் வீட்டு முகவரி! என் தாத்தாவுக்கு அம்மா பேர் எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியுமா?

துணி வெளுத்தவருக்கு அந்தக் கல்லில் பேர் ஈரங்கொல்லி. ஈரத்தைக் கொல்கிறவர். இந்த ஒரு சொல்லுக்கு எத்தனை நிழல் விழாத கோபுரம் வேண்டுமானாலும் கொடுக்கலாம். தலைமைத் தச்சருக்கு ராஜராஜப் பெருந்தச்சன் என்று பட்டம், அது எல்லாருக்கும் தெரியும், மேடையில் பேசுகிறவர்கள் விடமாட்டார்கள். முடிதிருத்துபவருக்கும் ராஜராஜப் பெருநாவிசன் என்று ராஜாவின் பேரிலேயே பட்டம் இருந்ததை மேடையில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

விளக்குக் கணக்கு தனிச் சுவாரசியம். ஒரு விளக்கு அணையாமல் எரிய 96 ஆடு. ஆட்டை வாங்கிக்கொள்கிற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கொண்டுவந்து அளக்க வேண்டும். சோழர் கல்வெட்டுகளில் இந்த மாதிரி ஆட்டுக்கு 'சாவா மூவாப் பேராடு' என்று பேர், சாகாத கிழமாகாத ஆடு! இதை மட்டும் உங்கள் வாட்ஸ்அப் குழுவில் யாராவது பார்த்திருந்தால் சோழர்கள் சாகாவரம் பெற்ற ஆடு வளர்த்தார்கள் என்று இந்நேரம் ஊர் முழுக்கப் பரவியிருக்கும். விஷயம் வேறு. கிழ ஆடு செத்தால் குட்டி அந்த இடத்துக்கு வரும், கணக்கில் எண்ணிக்கை எப்போதும் 96 தான். ஆடு செத்துவிட்டது, அதனால் இன்றைக்கு நெய் இல்லை என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது. வங்கியில் வைப்புநிதி போட்டு வட்டியை மட்டும் எடுப்பதுபோலத்தான், முதலுக்கு நாலு கால் இருந்தது அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னும் எவ்வளவோ. மேல்தளத்தில் 108 நடனக் கரணங்களைச் செதுக்க ஆரம்பித்து 81 முடித்திருக்கிறார்கள், மிச்ச 27-க்கு ஒதுக்கிய கல் வெறுமனே இருக்கிறது. கருவறைச் சுற்றில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் ஒளிந்திருப்பதை 1931-இல்தான் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார்.

நீங்கள் பெருமை பற்றிக் கேட்டதால் கடைசியாக ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நூற்று ஐம்பது வருடத்துக்கு முன்னால் அந்தக் கோயிலைக் கட்டியது யார் என்பதே பொதுவில் மறந்துபோயிருந்தது. தலபுராணம் கரிகாலன் என்றது, ஆளாளுக்கு ஒரு சோழன் பேரைச் சொன்னார்கள். 1886-இல் கல்வெட்டு ஆய்வாளராக வேலைக்குச் சேர்ந்த ஹுல்ஷ் என்ற ஜெர்மானியர் வந்து சுவரைப் படித்தார், அதில் ராஜராஜன் தான் எடுப்பித்த கோயில் என்று தன் வாயாலேயே சொல்லியிருந்தான். அத்தனை வருடமும் அந்த எழுத்து அங்கேயேதான் இருந்தது. அதைக் கடந்து கோடிப் பேர் போய்க் கும்பிட்டுவிட்டு, கதையைக் கேட்டுக்கொண்டு வீடு திரும்பியிருக்கிறார்கள்.

உங்கள் நாலாவது கடிதத்துக்குக் காத்திருக்கிறேன். அந்த நானூறு பெண்கள் குடியிருந்த தளிச்சேரித் தெருக்களில், தெற்குத் தளிச்சேரியில் ஏதாவது ஒரு வீட்டு எண்ணும் அங்கே இருந்த பெண்ணின் பேரும் எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழிலேயே போடுகிறேன், உங்கள் பேரோடு.